சேவல் விழுங்கிய பதினோரு முத்து

முத்தைக் கடைசியாகப் போட வேண்டும், முதலில் கழற்ற வேண்டும். எண்ணெய், மஞ்சள், சந்தனம், பூ எல்லாம் முடிந்து, கை கழுவித் துடைத்த பிறகுதான் அது கழுத்துக்கு ஏற வேண்டும். வீடு திரும்பியதும் சேலை மாற்றுவதற்கு முன்பே கழற்றி, ஈர மல் துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, நிழலில் காய வைத்து, தனித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பொன் நகையோடு சேர்த்து வைத்தால் கீறல் விழும். பதுளை மாதிரி எப்போதும் ஈரமாயிருக்கும் ஊரில் பட்டு நூல் சீக்கிரம் இற்றுப் போகும்; அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் அவிழ்த்து, முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டு, புது நூலில் கோக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு நாள் தவறாமல் செய்தவள் நான். அதனால் என் முத்து கெட்டபோது, கெடுத்தது யார், எதனால் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று வாரத்துக்கும் சேர்த்துத்தான் பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் வீடு பதுளைக் கடைவீதியில், துணிக்கடைக்குப் பின்கட்டில் இருந்தது. முன்னால் கடை, நடுவில் துணி மூட்டைகள் அடுக்கிய அறை, அதற்கும் பின்னால் நாங்கள். நான் திருச்சியிலிருந்து இலங்கைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்தேன். மன்னார்ப் பக்கம் முத்துக் குளித்த ஒரு வருஷம் என் தகப்பனார் நேரில் போய் வாங்கி வந்த நாற்பத்தொரு முத்து, என் கழுத்தில் ஒற்றைச் சரமாக ஏறிக் கடல் தாண்டி இந்த மலைக்கு வந்தது. பெரிய முத்து இல்லை. ஆனால் ஒரே நிறம். விளக்குப் பக்கம் திரும்பினால் உள்ளே லேசாக ரோஜா நிறம் ஓடும்.

என் கணவருக்கு ஒரே அக்கா. ஹாலிஎலையில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டவர். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பெண் குழந்தை பிறந்ததும் உதவிக்கென்று வந்தவர், குழந்தைக்கு நான்கு மாதம் ஆகியும் போகவில்லை. அண்ணிக்குத் தெரியாத வேலை கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியும், உரம் விழுந்தால் நீவி எடுக்கத் தெரியும், ஊறுகாய் போடத் தெரியும், நகை துலக்கத் தெரியும். இந்தக் கடைசி வித்தைதான் என்னைச் சுட்டது.

குழந்தைக்கு மூன்று மாதமாக இருக்கும்போது நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெரிய கங்காணி வீட்டுக் கல்யாணம். எங்கள் கடையில் வருஷக்கணக்காகத் துணி எடுக்கிறவர்கள். போகாமல் இருக்க முடியாது. கைக்குழந்தையோடு அந்த மலையில் மாட்டுவண்டியில் போகப் பயந்து நான் நின்றுவிட்டேன். அண்ணி என் மாமியாரை உட்கார வைத்துக்கொண்டு, அவர் முன்னாலேயே கேட்டார்.

"ஒன் முத்து மாலையக் குடு, போட்டுட்டுப் போயிட்டு வர்றேன். பெட்டிக்குள்ள சும்மா கெடக்குறதுக்கு என் கழுத்துல கெடக்கட்டுமே. தேஞ்சா போயிடும்?"

"தேயாது அண்ணி. சந்தனம் மட்டும் மேல படாம..."

"கேட்டீங்களாம்மா? முத்து போடுறதுக்கும் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துவாங்களாம்!"

மாமியார் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. "தர முடியாது" என்று சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று அன்று முழுவதும் யோசித்தேன்; கொடுத்த பிறகு யோசித்து என்ன.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. அண்ணியின் வளையல்கள், சங்கிலி, அட்டிகை எல்லாம் பளபளவென்று இருந்தன. அவற்றின் நடுவே என் சரம், வெந்து ஆறிய சோற்றுப் பருக்கைகளைக் கோத்ததுபோல வெளுத்துக் கிடந்தது. விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே எதுவும் ஓடவில்லை. விரலால் தடவினால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரப்பு. கொக்கிப் பக்கத்து முடிச்சில் பழுப்பு நிறத்தில் ஒரு நார் சிக்கியிருந்தது. மோந்து பார்த்தேன். புளி.

பொன்னைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுப் பூந்திக்கொட்டை நுரையில் தேய்ப்பது எல்லா வீட்டிலும் செய்வதுதான். பொன்னுக்கு அது நல்லதும்கூட. அண்ணி கல்யாணத்திலிருந்து வந்து, கழற்றிய நகை அத்தனையையும் ஒரே சட்டியில் போட்டிருக்கிறார். முத்தும் நகைதானே. எவ்வளவு நேரம் ஊறியதோ. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் டீச்சரம்மா கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சைச் சாறு ஊற்றி, அதில் கிளிஞ்சல் துண்டைப் போட்டுக் காட்டினார். நுரை நுரையாகக் கொப்புளித்தது. சுண்ணாம்பும் சிப்பியும் முத்தும் ஒரே இனம், புளிப்பு மூன்றையும் தின்னும் என்று அன்று கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பிரதி எடுத்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தவள் ஏன் உடனே கேட்கவில்லை? கேட்பதற்குப் போகும்போதெல்லாம் உள்ளே வேறொன்று கேட்டது. பிள்ளை பெற்ற களைப்பில் நீயே ஒரு தரம் எண்ணெய்க் கையால் தொட்டிருக்க மாட்டாயா? மாசிக் குளிரில் ஈரத்தோடு சுற்றி வைத்திருக்க மாட்டாயா? அந்த நார் முன்பே இருந்திருந்தால்? மூத்தவர் மேல் பழி போட்டு, பழி தவறானால் இந்த வீட்டில் எப்படி முகம் கொடுப்பாய்? நாரைக் கிள்ளி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அண்ணி அப்படிப் பேசாமல் இருக்கவில்லை.

குழந்தைக்கு நான்காவது மாதம் நடக்கும்போது வயிறு கெட்டது. பச்சையாகப் போனாள். சரியாகிவிடும் என்று நான் ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது கழுத்தில் அந்தச் சரத்தைப் போட்டிருந்தேன். அழகுக்காக இல்லை, உடம்புச் சூட்டில் கிடந்தால் கொஞ்சமாவது திரும்புமா என்ற ஆசை. அண்ணி என் கழுத்தைப் பார்த்தார். பார்த்தவுடன் அவர் முகத்தில் ஒன்று ஓடியது. பயம் என்றே நினைக்கிறேன். அடுத்த நிமிஷம் அந்தப் பயம் எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

"அம்மா, இங்க வந்து பாருங்க. இவ கழுத்து முத்து செத்துப்போச்சு!"

"என்னடி சொல்றே?"

"ஒடம்புல கெட்ட சூடு இருந்தா முத்து தாங்காதும்மா. நான் போட்டுட்டுப் போனப்ப எப்படி இருந்துச்சு, நமுனுகுலைல எல்லாரும் வச்ச கண்ணு வாங்காம பாத்தாங்க. திரும்ப இவ கழுத்துக்கு வந்து மூணே வாரம். கல்லாட்டம் இருக்குற முத்தே இப்படின்னா, அந்தப் பாலைக் குடிக்கிற பச்சப்புள்ள வயிறு என்னத்துக்கு ஆகும்?"

மாமியார் பொல்லாதவர் இல்லை. எனக்குப் பத்தியச் சோறு தன் கையால் வடித்துப் போட்டவர். ஆனால் அவருக்கு முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போயிருந்தன. அண்ணி சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்தேன். அந்தப் பழைய பயம் எங்கே இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரியும். அங்கேயே கை வைத்தார். முத்துக்காக நான் அவரை மன்னித்திருப்பேனோ என்னவோ. இதற்காக மன்னிக்கவில்லை.

அப்போதே முடிவாகிவிட்டது. குழந்தைக்குத் தண்ணீர் கலந்த பசும்பால். எனக்கு மல்லிகைப் பூ. பால் வற்றுவதற்குப் பூவைச் சரமாகத் தொடுத்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணியே பூ வாங்கி வந்தார். அண்ணியே கட்டினார். தலையில் வைத்தால் குளிர்ச்சியான அந்தப் பூ, மார்பில் கட்டினால் இப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியாது. உள் அறையில் குழந்தை அழும்போதெல்லாம் துணி நனைந்தது. பூவும் பாலும் கலந்த அந்த வாசனை எனக்கு இன்னும் போகவில்லை. மல்லிகை விற்கிறவள் தெருவில் வந்தால் கதவைச் சாத்திவிடுகிறேன்.

மறுநாள் கணவரைத் துணி மூட்டை அறையில் பிடித்தேன். கடையில் சட்டைக்கு வைக்கும் சிப்பிப் பொத்தான் அட்டை அட்டையாக இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, முதல் நாளே கெட்டிப் புளிக்கரைசலில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துத் துடைத்து, புதுப் பொத்தானோடு சேர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது பளபளங்குது. இது சுண்ணாம்பாட்டம் இருக்கு. புளில கெடந்தது. என் முத்தும் இப்படித்தான் ஆச்சு. அண்ணி புளில போட்டிருக்காங்க. என் ஒடம்புல ஒரு கேடும் இல்ல. நீங்க அத்தைகிட்ட சொல்லுங்க."

அவர் இரண்டு பொத்தானையும் நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை.

"அக்காவப் போயி எப்படிக் கேக்குறது? ஆசைப்பட்டுப் போட்டுட்டு, தெரியாமச் செஞ்சிருக்கும். கொஞ்ச நாள் பொறுத்துக்கயேன். புள்ளைக்கு வயிறு சரியானா எல்லாம் சரியாயிடும்."

"அதுக்குள்ள பால் வத்திடுமுங்க."

"பசும்பால் குடிச்சு வளராத புள்ளையா?" என்று கடைக்குப் போய்விட்டார். புதுப் பொத்தானை மட்டும் மறக்காமல் அட்டையிலேயே திருப்பி வைத்தார்.

அன்றைக்குத்தான் இனி யாரிடமும் முறையிடுவதில்லை என்று தீர்மானித்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் சாக்கில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நாளுக்கு ஒரு தரமாவது அவளுக்குக் கொடுத்தேன். அதையும் நிம்மதியாகச் செய்யவில்லை. கொடுக்கும்போதே, ஒருவேளை உண்மையிலேயே என் பால்தான் அவளைக் கெடுக்கிறதோ என்று பயந்தேன். பசும்பால் தொடங்கிய இரண்டாம் நாள் வயிறு கொஞ்சம் தேறியது. பசும்பால் தொடங்கும் முன்பே தேற ஆரம்பித்திருந்ததை நான் மட்டும்தான் கவனித்திருந்தேன். அண்ணி, "பாத்தீங்களா!" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை அண்ணி ஒரு யோசனையோடு வந்தார். மங்கின முத்தைச் சேவலுக்குக் கொடுத்து விழுங்க வைத்து, ஒரு இரவு வயிற்றில் கிடந்த பிறகு அறுத்து எடுத்தால் புது முத்தாகத் தெளிந்துவிடுமாம். கங்காணி வீட்டில் யாரோ சொன்னார்களாம். அவருக்கு ஏன் இந்த அக்கறை என்று எனக்குத் தெரிந்தது. முத்து தெளிந்துவிட்டால் புளிக்குச் சாட்சி இல்லை.

மாமியார் கேட்டார்: "தெளிஞ்சா?"

"தெளிஞ்சா இவளுக்குச் சூடு தணிஞ்சிருச்சுன்னு அர்த்தம்மா. தெளியலேன்னா புள்ளைய இனி இவகிட்ட விடக்கூடாது. நான் வேணா ஹாலிஎலைக்குக் கொண்டுபோயி ஒரு வருஷம் வச்சு வளத்துத் தர்றேன்."

 அப்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் தயங்காமல் பேசினேன். கோழியின் இரைப்பை சிறு கல்லையே அரைக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் புளிப்பு இருக்க வேண்டும் என்று ஊகித்தேன். உறுதியாகத் தெரியாது, ஊகம்தான்.

"நல்ல யோசனை அண்ணி. ஆனா என் முத்து மட்டும் போனா, தெளியாததுக்கு என் ஒடம்பு காரணமா, சேவல் காரணமான்னு எப்படித் தெரியும்? ஒங்க மாட்டல்லேயும் கொஞ்சம் சேத்துப் போடுங்க. நல்ல ஒடம்புல கெடந்த முத்து எப்படித் தெளியுதுன்னு அத்தையும் பாக்கட்டும்."

மாட்டல் என்பது காதுத் தோட்டிலிருந்து கொண்டை வரை போகும் முத்துச் சரம். அண்ணியின் மாட்டல் அவருடைய உயிர். பக்கத்துக்கு எட்டு முத்து, ஒவ்வொன்றும் என்னுடையதைவிடப் பெரிது. தலை எண்ணெய் ஏறி ஏறி அது பல வருஷமாகவே மஞ்சள் பூத்திருந்தது. அது அண்ணிக்கும் தெரியும்.

"என் முத்துக்கு என்னடி கேடு?"

"கேடு இருக்குன்னு யாரு சொன்னா? ஒங்க ஒடம்பு தங்கம். அதான் கேக்குறேன்."

மாமியார் தலையசைத்தார். "அவ சொல்றதும் சரிதான். ரெண்டும் போகட்டும்."

அண்ணி யோசித்தார். பெருமையும் ஆசையும் சேர்ந்து அவரைத் தள்ளின. "மொதல்ல ஒரு பக்கத்து எட்டு. தெளிஞ்சா மத்த பக்கம்" என்றார். நான் என் சரத்திலிருந்து மூன்றை அவிழ்த்தேன். என் தகப்பனார் வாங்கித் தந்த முத்து. வேண்டுமென்றே மூன்றைப் பலி கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் அவிழ்த்தேன்.

அறுக்கும் நாளை அண்ணியே குறித்தார். வெள்ளிக்கிழமை வீட்டில் கோழி அறுக்கக் கூடாது. சனிக்கிழமை மாமியாருக்கு விரதம். அதனால் புதன் சாயங்காலம் கொடுத்து, வியாழன் காலையில் அறுப்பது. சரியான கணக்கு, ஒன்றே ஒன்றைத் தவிர.

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு மாமியார் மாதா மாதம் கிருத்திகை விரதம் இருப்பார். அது எந்தக் கிழமையில் வருமென்று அவருக்குத் தெரியாது. முதல் நாள் நான் பார்த்துச் சொல்வேன். அன்று அடுப்பில் மீன் வாடைகூட ஏறாது. வீட்டு வளவுக்குள் ஒரு சொட்டு இரத்தம் சிந்தக் கூடாது.

அந்த வியாழன் கிருத்திகை. திங்கட்கிழமையே பார்த்துவிட்டேன்.

புதன் சாயங்காலம் சோற்றைப் பிசைந்து பதினோரு உருண்டை நானே உருட்டினேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முத்து. சிவப்புச் சேவல், அண்ணியே சந்தையில் தேடி வாங்கியது. பசியோடு இருந்தது. ஒன்றுவிடாமல் விழுங்கிவிட்டு இன்னும் கிடைக்குமா என்று என்னைப் பார்த்தது. கை கழுவிவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்து விரித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன்.

"அத்தை, நாளைக்குக் கிருத்திகை."

நான் பொய் சொல்லவில்லை. எப்போதும்போல முதல் நாள்தான் சொன்னேன்.

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். "அப்ப இப்பவே அறுத்துருவோம்!"

"அந்தி சாஞ்சு விளக்கு வச்சாச்சு. இனிமே உசுரு எடுக்குறதா?" என்றார் மாமியார். "கிருத்திகைக்கு நேந்துகிட்டவ நான்."

"வெளில யார்கிட்டயாச்சும் குடுத்து..."

"குடுங்க அண்ணி" என்றேன் மெதுவாக. "வயித்துல எட்டு முத்தோட யார் வீட்டுக்கு வேணும்னாலும் குடுத்தனுப்புங்க."

 வியாழன் கிருத்திகை, வெள்ளி வெள்ளிக்கிழமை, சனி மாமியாரின் விரதம். அண்ணி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, சேவலின் காலில் கயிற்றைக் கட்டி, மறு நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

அந்த மூன்று நாளைப்போல நான் எதையும் ருசித்ததில்லை. சேவல் போன இடமெல்லாம் அண்ணி போனார். கீரிப்பிள்ளை வந்துவிடும் என்று பயந்து கொல்லையிலேயே சாப்பிட்டார். அது எச்சமிட்டபோதெல்லாம் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குனிந்து கிளறினார். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஹாலிஎலைக்காரம்மா சேவலுக்குப் பேறுகாலம் பாக்குறாங்களா?" என்று கேட்டாள். "ஆமாங்க, இன்னும் ரெண்டு நாள் போகணும்" என்றேன். அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் ஒரு நகையைப்போல எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த மூன்று நாளும் என் மார்பிலும் பூ இருந்தது. இதை எழுதாமல் விட்டால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். குளியலறையில் ஒரு தரம் கொடுப்பதைத் தவிர மற்ற நேரமெல்லாம் குழந்தை சங்கில் பசும்பால் குடித்தாள். சனிக்கிழமை இடது மார்பு கல்லாக இறுகி, பிறகு லேசாகிவிட்டது. சேவலை வைத்து ஆடியது போதும், பூவை அவிழ்த்தெறிந்து சண்டை போடு என்று ஒரு மனசு சொன்னது. இன்னும் ஒரு நாள் என்று மற்றொரு மனசு சொன்னது. நான் இரண்டாவதைக் கேட்டேன். 

ஞாயிறு காலையில் கடையில் மூட்டை தூக்குகிற ஆள் சேவலை அறுத்தார். அண்ணியே இரைப்பையைக் கீறித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வெண்கலத் தட்டில் பதினொன்றும் விழுந்தன. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மிளகளவு இருந்தது பெரியது. சின்னதெல்லாம் கேழ்வரகுக்குக் கொஞ்சம் மேல். உருண்டை போய்க் கோணல் மாணலாக, கடித்துத் துப்பிய மாதிரி கிடந்தன. சில இடங்களில் புது வெண்மை தெரிந்தது என்னவோ உண்மை. ஆனால் முத்துதான் இல்லை.

மாமியார் தட்டைக் கையால் அளைந்தார். "இதுல ஒன்னோடது எது? இவளோடது எது?"

அண்ணிக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நல்ல உடம்பில் கிடந்த எட்டும் கெட்ட உடம்பில் கிடந்த மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

"அப்ப ஒன் ஒடம்பும் கெட்ட ஒடம்புதானா?" என்றார் மாமியார். குற்றமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே குழம்பிப்போய்த் தன் மகளிடம் கேட்டார்.

அண்ணி அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினார். "ஒடம்புக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? நாலு நாளா அந்தச் சனியன் வயித்துல கெடந்துச்சு! கோழி வயித்துல இருக்குற புளிப்பு தின்னுடுச்சு!"

நான் காத்திருந்தது இதற்காகவா என்று கேட்டால், இல்லை. இவ்வளவு தூரம் நான் திட்டமிடவில்லை. ஆனால் வாய்த்ததை விடவும் இல்லை. இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, அந்த நாரைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"புளிப்பு முத்தைத் தின்னும்னு ஒங்களுக்குத் தெரியுமா அண்ணி? அப்ப புளியும் தின்னும்ல? இது கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த என் மாலையோட முடிச்சுல இருந்துச்சு."

கொல்லையில் சேவலின் இறகு காற்றில் உருண்டுகொண்டிருந்தது. மாமியார் நாரை எடுத்தார். விரலில் வைத்து உருட்டினார். முகர்ந்து பார்த்தார். காலமெல்லாம் புளி கரைத்த கைகள் அவை. அதற்கு மேல் யாரும் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நகையெல்லாம் ஒரே சட்டிலயா போட்டே?"

அண்ணி தரையைப் பார்த்தார். "தெரியாமத்தாம்மா..."

"முத்தைக் கெடுத்தது தெரியாம. சரி. புள்ள வாயிலேர்ந்து பாலைப் பிடுங்குனியே, அதுவும் தெரியாமலா?"

 மாமியார் என் பக்கம் திரும்பினார். "தாயி, அந்தப் பூவ அவுத்துப் போடு. உள்ள போயி புள்ளைக்குக் குடு."

நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை, கத்தரியால் வெட்டினேன். குழந்தை வலது பக்கம் உடனே பிடித்துக்கொண்டாள். இடது பக்கம் வெகுநேரம் சப்பிவிட்டு, ஏமாந்து, என்னைப் பார்த்து அழுதாள். வலது பக்கம் போதுமாயிற்று. இடது பக்கம் முழுதாகத் திரும்பவே இல்லை. அது யாரால் என்று நான் கணக்குப் பார்க்கும்போது, முதல் ஐந்து நாள் அண்ணிக்கு, கடைசி மூன்று நாள் எனக்கு என்று வருகிறது. அண்ணியின் பங்கைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வெளியே வந்தபோது தட்டு அப்படியே இருந்தது. யாருடையது எது என்று தெரியாததால், இருந்ததில் பெரியதாக மூன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். மிச்சம் எட்டை அண்ணியின் பக்கம் தள்ளினேன். அவர் அன்று மத்தியானமே ஹாலிஎலைக்கு வண்டி பிடித்தார். ஒரு காதுக்கு முழு மாட்டலும் மறு காதுக்கு ஒன்றுமில்லாமலும். சேவற்குழம்பு நன்றாக இருந்தது.

மாமியார் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கிருத்திகைய எப்ப பாத்தே?" "சாயங்காலந்தான் அத்தை" என்றேன். இதுதான் நான் சொன்ன ஒரே பொய்.  அதிலிருந்து மாதம் பிறந்ததுமே, "இந்த மாசம் என்னைக்கு?" என்று கேட்டுவிடுகிறார்.

என் சரத்தைப் புது நூலில் கோத்தேன். மங்கிய முப்பத்தெட்டு, அவற்றின் நடுவே, பதக்கம் வருகிற இடத்தில், கோணலான மூன்று. பார்க்க நன்றாக இல்லை. கணவர்கூட, "ஓரத்துல வச்சிருக்கலாமே" என்றார். அண்ணி வரும் நாளில் எல்லாம் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். உட்கார வைத்து, காப்பி கொடுத்து, எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

மகளுக்குப் பதினோராம் மாதம் காது குத்தினோம். அத்தை முறைக்கு அண்ணி சீர்த்தட்டோடு வந்தார். தட்டில் பட்டுப் பாவாடை, வெற்றிலை, பழம். ஒரு சின்ன டப்பாவில் தோடு. திறந்து பார்த்தேன். பொன்னில் பூ மாதிரி செய்து, பூவுக்கு நான்காக, அந்த எட்டு முத்தும் பதித்திருந்தது. பத்தர் கோணலெல்லாம் உள்ளே போகும்படி கெட்டிக்காரத்தனமாக வைத்திருந்தார். பதித்த பிறகு பார்க்க அழகாகவே இருந்தது.

"மாட்டலுக்கு ஒதவாது" என்றார் அண்ணி. "புள்ளைக்காச்சும் இருக்கட்டும்."

மன்னிப்புக் கேட்கிறாரா? அல்லது, இவள் வளர்ந்து காதில் இது கிடக்கும்போதெல்லாம் நீ செய்ததும் உனக்கு ஞாபகம் வரட்டும் என்று கொண்டு வந்தாரா? அவர் முகத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது. நான் அன்றும் யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன். "நல்லா இருக்கு அண்ணி" என்று வாங்கி வைத்தேன். மகளுக்குக் காது ஆறியதும், துளையில் செருகியிருந்த வேம்புக் குச்சியை எடுத்துவிட்டு என் பிறந்த வீட்டுப் பொன் தோட்டைத்தான் போட்டேன்.

அந்தத் தோட்டை நான் உதாசீனப்படுத்துவதில்லை. மாதம் ஒரு முறை எடுத்து, ஈர மல் துணியால் முத்தை மட்டும் துடைத்து, நிழலில் காய வைத்து, தனித் துணியில் சுற்றி வைக்கிறேன். புளியோ பூந்திக்கொட்டையோ பக்கத்தில் வராது. அண்ணி வந்திருக்கும்போது, "என்னம்மா, இன்னும் புள்ளைக்குப் போடலியா?" என்று கேட்பார். நான் டப்பாவைத் திறந்து காட்டுவேன்.

"பத்திரமா இருக்கு, பாருங்க அண்ணி" என்பேன். "கெடாம வச்சிருக்கேன்."